புட்டியில் அடைத்த ஆசை

கெய்ரோவின் அல்அஸ்ஹரில் ஓதித் திரும்பிய பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் என்னைக் காண வந்தார். பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு மூன்று நூல்களையும் என் முன் வைத்தார். புரட்டினேன். எல்லாம் படங்கள்.

“ஹஜ்ரத், என் தங்கை இதைப் படிக்க வேண்டும் என்கிறாள். பதினேழு வயது; ஆலிமா வகுப்பில் ஓதுகிறாள். முதல் பாகத்தை எனக்குத் தெரியாமலே முடித்துவிட்டாள். அடுத்ததைக் கேட்டபோது வாப்பா பார்த்துவிட்டார். ஜின்னும் படமுமாக இருக்கிறது, வீட்டில் வேண்டாம் என்கிறார். நீங்கள் படித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் ஏற்றுக்கொள்வார்” என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. எனவே இக்கட்டுரை.

நூலின் பெயர் ‘ஷுப்பைக் லுப்பைக்’. எழுதியும் வரைந்தும் இருப்பவர் தீனா முஹம்மத் என்னும் எகிப்திய இளம் பெண்மணி. 2013-ல், பதினெட்டு வயதில், ஹிஜாப் அணிந்த வீராங்கனை ஒருத்தியைக் கதைத்தலைவியாக்கி ‘காஹிரா’ என்ற படக்கதைத் தொடரை வரையத் தொடங்கியவர். இந்நூலின் முதல் பாகம் 2017-ல் கெய்ரோவின் சித்திரக்கதை விழாவில் முதற்பரிசு பெற்றது. அரபியில் மூன்று பாகங்களாகத் தனித்தனியே வந்த இது, ஆசிரியராலேயே ஆங்கிலமாக்கப்பட்டு 2023-ல் 500 பக்கங்களைத் தாண்டிய ஒரே நூலாக வெளிவந்தது. ஆங்கிலப் பதிப்பும் அரபு நூலைப் போலவே வலமிருந்து இடமாகப் புரட்டும்படி அச்சிடப்பட்டுள்ளது. பிறமொழி வாசகன்தான் நூலின் போக்கிற்கு வளைந்துகொடுக்க வேண்டுமேயன்றி நூல் வளையாது என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

தலைப்பிலேயே நான் சிறிது நேரம் தங்கிவிட்டேன். விளக்கையோ புட்டியையோ தேய்த்ததும் வெளிப்படும் ஜின், ‘இதோ வந்தேன், உன் அடிமை உன் முன்னே’ என்று பணியும் நாட்டுப்புற வாய்பாடு அது. ‘லுப்பைக்’ என்பது வேறெதுவுமன்று. ஹாஜிகள் இஹ்ராம் உடுத்து முழங்கும் ‘லப்பைக்’ தான், எகிப்தியர் நாவில் உருமாறி நிற்கிறது. நஹ்வு ஆசிரியர்கள் இச்சொல்லை இருமை வடிவில் நிற்கும் தொழிற்பெயர் என்று விளக்கி, ‘மறுமொழிக்கு மேல் மறுமொழி’ எனப் பொருள் உரைப்பர். முன்னால் நிற்கும் ‘ஷுப்பைக்’, நாம் ‘புலி கிலி’ என்பது போல, ஒலிக்குத் துணையாக வந்த சொல் என்றே எனக்குப் படுகிறது. அடியான் தன் இறைவனை நோக்கிச் சொல்லும் சொல் இங்கே ஜின்னின் வாயில் ஏறி, காசு கொடுத்து வாங்கியவனை நோக்கிச் சொல்லப்படுகிறது. யார் யாருக்கு அடிமை என்ற வினா தலைப்பிலேயே முளைத்துவிடுகிறது. ஆசிரியர் இதை எண்ணித்தான் பெயரிட்டாரா என்று நான் அறியேன். மூன்று பாகங்களையும் முடித்தவருக்கு அந்த ஐயம் நெடுநேரம் நிற்காது.

கதையின் உலகம் நம் உலகமே. ஒரே ஒரு வேறுபாடு. அங்கே ஆசைகள் விற்பனைக்குக் கிடைக்கும். ‘உம்னிய்யா’ எனப்படும் ஒவ்வோர் ஆசையும் ஒரு கொள்கலனில் அடைபட்டுள்ளது. திறந்து கேட்டால் நிறைவேறும். ஆனால் தரம் உண்டு. முதல் தர ஆசை கேட்டதைக் கேட்டபடி தரும். விலையோ ஏழைக்கு எட்டாது. மூன்றாம் தர ஆசை தகரக் குவளையில் மலிவாகக் கிடைக்கும். கேட்டதைக் கோணலாக்கித் தந்து கேட்டவனையே கெடுக்கும். அதற்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் ‘டிலெஸ்ஸெப்ஸ்’. 1869-ல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயைத் திட்டமிட்ட பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. அக்கால்வாய் எகிப்திய உழவர்களின் கட்டாய உழைப்பால் வெட்டத் தொடங்கப்பட்டது என்பதை அறிந்தவர்க்கு அந்தப் பெயரிலுள்ள கசப்பு புரியும்.

கெய்ரோவின் ஒரு தெருவோரத்தில் ஷுக்ரி என்பவர் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் மூன்று முதல் தர ஆசைகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவது மார்க்கத்திற்கு ஒவ்வாது என்று நம்பும் அவர், விற்றுத் தீர்த்துவிட முயல்கிறார். ஓர் ஆசைக்கு ஒரு பாகம்; மூன்று ஆசைக்கு மூன்று பாகம்.

முதல் பாகத்தின் தலைவி அஸீஸா, கணவனை இழந்த ஏழைப்பெண். உழைத்துச் சேர்த்த காசில் ஓர் ஆசையை வாங்குகிறாள். ஏழையிடம் இவ்வளவு விலையுயர்ந்த பொருள் எப்படி வந்தது என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். உரிமம் எங்கே, பதிவு எங்கே என்று கேட்டுச் சிறையில் அடைக்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார்கள். அவள் கொடுப்பதில்லை. அவ்வளவுதான் கதை, ஆனால் அந்த மௌனமான பிடிவாதத்தை வரைந்திருக்கும் விதம் நெஞ்சை அறுக்கிறது. சொல்லே இல்லாத பக்கங்கள்தாம் அவளுக்குச் சரியான மொழி. இப்பாகம் தன்னளவில் முழுமையானது. இதற்கு மேல் என்ன இருக்கிறது என்றுதான் நானும் எண்ணினேன்.

தொடர்ச்சி எழுதுவது தொன்றுதொட்டு ஆபத்தான தொழில். மத்ரஸாவில் ‘மகாமாத்’ ஓதியவர்கள் இதை நன்கு அறிவர். பதீஉஸ்ஸமான் அல்ஹமதானி, நாடோடியான ஒரு சொல்வல்லவனைப் படைத்து மகாமாக்கள் எழுதிப் புகழடைந்தார். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்துப் பிறந்த அல்ஹரீரி அதே வடிவை எடுத்து ஐம்பது மகாமாக்கள் செய்தார். தம் முன்னுரையிலேயே முந்தியவரின் முதன்மையை ஒப்புக்கொண்டும் விடுகிறார். ஆனால் அவர் செய்தது நகல் அன்று. ஹமதானியிடம் ஓடும் நீராக இருந்த நடை, ஹரீரியிடம் செதுக்கிய கல்லாயிற்று. அபூ ஸைத் அஸ்ஸரூஜி முந்தைய தலைவனுக்குத் தம்பி போலத் தோன்றினாலும் வேறு மனிதன். பின்வந்தவர் முன்னவரின் வினாவையே திரும்பக் கேட்டிருந்தால் இன்று அவரை யார் ஓதுவார்?

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ‘நூர்’ என்னும் இரண்டாம் பாகத்தைத் திறந்தேன். முதல் பக்கங்களில் சிறிது எரிச்சலே வந்தது. அஸீஸாவின் சிறையிலிருந்து ஒரு செல்வர் வீட்டுக்கு, கல்லூரியில் பயிலும் ஒருவரின் அறைக்கு வந்து சேர்கிறோம். பணத்துக்குக் குறைவில்லை, ஆசையை வாங்க யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. வாங்கியும் ஆயிற்று. பிறகு என்ன துன்பம்? நூருக்கு மனம் சோர்ந்து கிடக்கிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை. நண்பர்களிடம் சிரிக்கிறார், அறைக்குத் திரும்பியதும் இருண்டுவிடுகிறார். கையிலுள்ள ஆசையால் இந்தச் சோர்வைப் போக்கிக்கொள்ளலாமா, போக்கலாம் எனில் என்ன சொல்லிக் கேட்பது என்பதே முழுப் பாகமும்.

இருபது முப்பது பக்கங்கள் போன பிறகே உறைத்தது. முதல் பாகம், ஓர் ஏழைக்கு ஆசைப்படும் உரிமை உண்டா என்று கேட்டது. இரண்டாம் பாகம், அந்த உரிமை தடையின்றிக் கிடைத்தவனுக்கு எதை ஆசைப்படுவது என்று தெரியுமா என்று கேட்கிறது. கதை பக்கத்து வீட்டுக்கு மாறவில்லை, ஓர் அடுக்கு கீழே இறங்கியிருக்கிறது.

அரபு அணியிலக்கணத்தில் ‘இல்முல் மஆனீ’ என்ற பகுதியில் ‘தமன்னீ’, ‘தரஜ்ஜீ’ என்ற இரண்டைப் பிரித்துக் கற்பிப்போம். நடவாததை, அல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு அற்றதை விரும்புவது தமன்னீ. அதற்குரிய சொல் ‘லைத்த’. போன இளமை திரும்பாதா என்று கிழவன் ஏங்குவதை எடுத்துக்காட்டாகச் சொல்வோம். நடக்கக்கூடியதை எதிர்நோக்குவது தரஜ்ஜீ, அதற்குரியது ‘லஅல்ல’. ‘உம்னிய்யா’ என்ற சொல்லும் ‘தமன்னீ’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஸூரத்துன்னிஸாவில், உங்களில் சிலருக்கு மற்றவரை விட அல்லாஹ் அருளியதை நீங்கள் ஆசைப்படாதீர்கள் என்று தடுக்கும் இடத்தில் வரும் வினையும் அந்த வேரினதே. நூர் என்ற அந்த இளம் மாணவர் முதலில் கேட்க நினைப்பதெல்லாம் லைத்த வகை: நான் வேறொருவனாக இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம். மனநல ஆலோசகரிடம் சென்று, பேசத் தெரியாமல் பேசி, மெல்ல மெல்ல அவருடைய கேள்வியின் வடிவே லஅல்லவின் பக்கம் சாய்கிறது. இறுதியில் என்ன கேட்டார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. முப்பதாண்டுகளாக மாணவர்களுக்கு இவ்விரு சொற்களின் வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி வந்திருக்கிறேன். மனித வாழ்விலிருந்து இத்தனை தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று கிடைக்கும் என்று எண்ணியதில்லை.

இனி வடிவத்துக்கு வருவோம். இந்நூலில் உரைநடையும் படமும் கலந்தே வருகின்றன. கதைக்கு இடையிடையே, அரசு வெளியீடு போலவும் பாடநூல் போலவும் தோற்றம் தரும் பக்கங்கள் உள்ளன: ஆசைகளின் வரலாறு, வகை, சட்டம், வணிகம். ஐரோப்பிய வல்லரசுகள் கீழைநாடுகளின் ஆசைகளை எவ்வாறு அள்ளிச் சென்றன, பின் அவர்களே அவற்றை ஒழுங்குபடுத்தும் விதிகளை எவ்வாறு வகுத்தார்கள் என்று உணர்ச்சியற்ற அலுவலக நடையில் அந்தப் பக்கங்கள் எடுத்துரைக்கின்றன. கற்பனைதான். ஆனால் ‘ஆசை’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பருத்தி என்றோ எண்ணெய் என்றோ போட்டுப் படித்தால் கற்பனை மறைந்துவிடுகிறது.

அலாவுதீன் கதையின் வரலாறும் இதைப் போன்றதே. அது ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் இல்லை. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவர் 1709-ல் பாரிஸில் கலான் என்ற பிரெஞ்சு அறிஞரிடம் வாய்மொழியாகச் சொன்னார். கலான் அதைத் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்தார்; சொன்னவரின் பெயர் அவரது நாட்குறிப்பில் இருந்தது, அச்சிட்ட நூலில் இல்லை. விளக்கும் ஜின்னும் உலகம் சுற்றின. இப்போது ஒரு கெய்ரோ பெண் அந்த ஜின்னைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்து பெட்டிக்கடையில் உட்கார வைத்திருக்கிறார்.

முதல் பாகத்தில் அந்த உரைநடைப் பக்கங்களும் கதைப் பக்கங்களும் தனித்தனியே நிற்கின்றன. இரண்டாம் பாகத்தில்தான் ஆசிரியர் துணிகிறார். அறிக்கைகளுக்கே உரிய வரைகோடுகளும் விளக்கப்படங்களும் நூருடைய மனத்துக்குள் நுழைந்துவிடுகின்றன. மகிழ்ச்சி எவ்வளவு, சோர்வு எவ்வளவு என்று தம்மைத் தாமே அளந்துகொள்ளும் ஒரு படித்த இளைய மனம், வரைபடத்தின் கோடாக ஏறி இறங்குகிறது. சோகமான முகத்தை வரைவது எளிது. கண்ணீர்த்துளி ஒன்றைச் சேர்த்தால் போதும். ஆனால் முகத்தில் ஒன்றுமே தெரியாத துன்பத்தை என்ன செய்வது? உரைநடையில் எழுதினால் புலம்பலாகிவிடும். முகத்தில் தீட்டினால் பொய்யாகிவிடும். எண்ணும் கோடுமாக வரைந்து காட்டியபோது, தன் வலியைக் கூட வெளியே நின்று கணக்கெடுக்கும் அந்த மனத்தின் நோயே படமாகிவிடுகிறது. இதை வேறு எந்த வடிவத்திலும் செய்ய இயலாது என்று துணிந்து கூறுவேன். படத்துக்கு உரை எழுதுவதும் உரைக்குப் படம் போடுவதும் பழைய காரியங்கள். ஒன்று தோற்கும் இடத்தில் மற்றொன்று ஏற்பதே கலப்பு.

இது நம் மரபுக்குப் புதிதா? ஹரீரியின் மகாமாத்தை 1237-ல் யஹ்யா அல்வாஸிதீ தம் கையால் எழுதி 99 ஓவியங்களும் தீட்டிய பிரதி பாரிஸின் தேசிய நூலகத்தில் உள்ளது. அவர் தீட்டிய கிராமக் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார்: பள்ளிவாசல், கூரைமேல் கோழி, நூல் நூற்கும் பெண். ஹரீரியின் அடுக்குச் சொற்களில் அந்தக் கோழி இல்லை. ஓவியர் சேர்த்தது. மொழியின் மேதை தன் மேதைமையில் மூழ்கியிருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் ஊரைப் பார்த்திருக்கிறார். ‘கலீலா வ திம்னா’வைத் தந்த இப்னுல் முகஃப்பஃ, நூலில் படம் இருப்பதன் பயனைத் தம் முகவுரையிலேயே பேசியவர்.

உருவங்கள் வரைவதைப் பற்றி உலமாக்களிடையே நெடுங்காலமாக உள்ள கருத்து வேறுபாட்டை நான் அறியாதவன் அல்லன். இக்கட்டுரையில் அதைத் தீர்க்க வரவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். இந்நூலில் ஜின் தோன்றும்போது கொம்பும் வாலுமாகத் தோன்றுவதில்லை. ‘கத்து’ எனும் அரபு எழுத்தணியாகத் தோன்றுகிறது. புட்டி திறந்ததும் எழுத்துகள் வளைந்து, நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பக்கம் முழுவதும் நிறைகின்றன. சொல்லே அங்கே உருவம். நம் முன்னோர் பள்ளிவாசல் சுவர்களில் செய்ததை இவர் படக்கதையில் செய்கிறார். என் மாணவரின் தந்தை இந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்திருந்தால் சற்று நேரம் பேசாமல் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நானும் ஒரு காலத்தில் இந்தக் குற்றத்துக்கு ஆளானவன்தான். ஓதிக்கொண்டிருந்த வயதில், கிதாபின் நடுவே இரும்புக்கை மாயாவியை மறைத்து வைத்துப் படித்து, உஸ்தாதிடம் பிடிபட்டேன். அவர் அடிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, “அடுத்தது வந்ததா?” என்று கேட்டார்.

மூன்றாம் பாகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கடைக்காரர் ஷுக்ரியே அதன் தலைவர். எஞ்சிய ஓர் ஆசையால், நோயுற்ற தம் நெடுநாள் தோழியான ஷவ்கிய்யா என்ற மூதாட்டிக்கு உதவ நினைக்கிறார். தாம் கூடாது என்று நம்பியதைப் பிறருக்காகச் செய்யலாமா என்பது அவருடைய போராட்டம். அந்த மூதாட்டிக்கோ ஆசையே வேண்டாம். மார்க்கப் பற்றுள்ள ஒருவரை மூடராகவோ வேடதாரியாகவோ காட்டிவிட்டுப் போவது இக்கால எழுத்தாளர்களுக்கு எளிதான வழக்கம். இவர் அதைச் செய்யவில்லை. ஷுக்ரியின் தயக்கத்தை மதித்து, அதன் எடையை நமக்கும் உணர்த்துகிறார். கட்டுக்கோப்பில் மூன்றாம் பாகமே சிறந்தது என்பார் உளர். எனக்கு இரண்டாம் பாகமே பெரிது. அது இல்லையேல் மூன்றாவதற்கு வழியில்லை.

குறைகளும் உண்டு. உரையாடல் முழுவதும் கெய்ரோவின் பேச்சுவழக்கு. தெருவோரக் கடைக்காரர் இலக்கண அரபி பேசினால் சிரிப்பாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் கதைகளிலும் மாந்தர் ஊர்வழக்கில்தானே பேசுகிறார்கள். ஆயினும் கிதாபு அரபி மட்டும் ஓதிய நம் பிள்ளைகள் பல இடங்களில் தடுமாறுவர். நானே சில பக்கங்களில் அந்த மாணவரைத் தொலைபேசியில் அழைத்துப் பொருள் கேட்க நேர்ந்தது. ஆசானுக்கு அது சற்று வெட்கந்தான். அடுத்து, அறிக்கைப் பக்கங்கள் சில இடங்களில் நீள்கின்றன. கதையே உணர்த்திவிட்டதை மறுபடி விளக்குகின்றன. நூருடைய வரைபடங்களிலும் ஒன்றிரண்டு, கருவியின் மீதுள்ள காதலால் சேர்ந்தவை. செல்வர் வீட்டுப் பிள்ளையின் துயரத்துக்கு இத்தனை பக்கமா என்று முணுமுணுக்கும் வாசகரையும் நான் குறை சொல்லமாட்டேன். அஸீஸாவைப் படித்த சூடு ஆறுவதற்கு முன் நூரைத் திறந்தால் அந்த முணுமுணுப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் நம் வீடுகளை எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளை நன்றாகப் படிக்கிறது, தொழுகிறது, உண்கிறது. எனவே நலமாயிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ‘என்னவோ போலிருக்கிறது’ என்று ஒரு பிள்ளை சொன்னால், உனக்கு என்ன குறை வைத்தோம் என்று கேட்டு வாயடைக்கிறோம். நூருடைய துன்பம் முழுவதும் அந்தக் கேள்விக்கு விடையில்லாத துன்பம். துஆச் செய்யச் சொல்கிறோம், சரி. ஆனால் துஆவிலும் என்ன கேட்பது என்று தெரியாமல் கையேந்தி நிற்கும் பிள்ளை ஒன்று நம் வீட்டிலேயே இருக்கலாம்.

என் மாணவருக்குச் சொன்ன விடை இது. முதல் பாகத்தை அவள் முடித்துவிட்டாள், அதைப் பற்றிப் பேச்சில்லை. இரண்டாம் பாகத்தை அவளிடம் கொடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது ஆகாது, பதினேழு வயதுக்கு ஆகும். ஒரே நிபந்தனை: அவளுக்கு முன்னால் வாப்பா படிக்க வேண்டும். அவருக்கு அரபி வராதே என்றார் மாணவர். அப்படியானால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பொருள் சொல்லட்டும் என்றேன்.

மூன்றாம் பாகம் இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது. யாரேனும் வந்து கேட்பார்கள் என்று காத்திருக்கிறேன்.